ரிடுக்சிமாப் போட்டவருக்கு மழைக்காலக் காய்ச்சல்: பி செல் இல்லாத உடம்பில் ஐஜிஎம் நெகட்டிவை நம்பலாமா?

சேரன்மாதேவி லேப் கேட்டது:

வணக்கம். பிசான நடவும் ஐப்பசி மழையும் சேர்ந்து வந்தாச்சுன்னா நம்ம பக்கம் எந்தக் காய்ச்சல் சீட்டைப் பார்த்தாலும் டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் (உண்ணிக்காய்ச்சல்) மூணுக்கும் ஐஜிஎம் (புதுத் தொற்றுக்கு முதல்ல உருவாகுற ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்) எழுதித்தான் வருது. சாதாரண ஆளுக்கு ரிசல்ட் வாசிக்கதுல பெரிய சிக்கல் இல்ல. பி செல்லை (ஆன்டிபாடி உருவாக்குற வெள்ளணு) அழிக்கிற ரிடுக்சிமாப் போல மருந்து எடுத்தவங்களோட ரத்த மாதிரி வரும்போதுதான் யோசனையா இருக்கு.

இப்படி ஒருத்தரை வச்சுக்கிடுவோம். வயசு 52, முடக்குவாதம், ஆர்எஃப், ஆன்டி சிசிபி (முடக்குவாதத்துல வார, உடம்பையே தாக்குற ஆன்டிபாடிகள்) ரெண்டும் பாசிட்டிவ். நாலு மாசம் முன்னால ரிடுக்சிமாப் 1000 மி.கி. ரெண்டு தவணை போட்டாச்சு. மூட்டு வீக்கம் நல்லா வத்திருக்கு. சிடி19 எண்ணிக்கை (ரத்தத்துல உள்ள பி செல் கணக்கு) பூஜ்யம். ஆனா மொத்த ஐஜிஜி (ரத்தத்துல அதிகமா இருக்குற, நெடுநாள் நிக்குற ஆன்டிபாடி வகை) 820 மி.கி./டெ.லி. இருக்கு, ஆன்டி சிசிபி இன்னும் பாசிட்டிவ். இப்போ ஆறு நாளா காய்ச்சல். மூணு ஐஜிஎம்மும் நெகட்டிவ்.

பி செல்லே இல்லன்னா ஐஜிஜி எங்கிருந்து வருது? தப்பான ஆன்டிபாடி இன்னும் இருக்கும்போது நோய் எப்படி அடங்குச்சு? இந்த நெகட்டிவை நெகட்டிவ்னு எழுதி அனுப்பலாமா, வேற என்ன சோதனை சொல்லணும்? சிடி19 சோதனைக்கு ரத்த மாதிரியை வெளியூர் அனுப்பும்போது என்ன கவனிக்கணும்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பாளை வாதநோய் பதில்:

முதல் இரண்டு கேள்விகளை நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

ரிடுக்சிமாப் பிடிப்பது சிடி20 என்ற மேற்பரப்புப் புரதத்தை. எலும்பு மஜ்ஜையில் முன் பி செல் நிலையில் அது தோன்றும்; முதிர்ந்த பி செல், நினைவு பி செல் வரை இருக்கும். ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லாக மாறும்போது மறைந்துவிடும். மூலச்செல்லிலும் அது கிடையாது. எனவே பொதுவாக 6 முதல் 12 மாதத்தில் புதிய பி செல்கள் திரும்பி வருகின்றன. பழைய பிளாஸ்மா செல்களோ மருந்து தீண்டாமல் மஜ்ஜையில் இருந்தபடி சுரந்துகொண்டே இருக்கின்றன. கன்னடியன் கால்வாயின் தலைமதகை அடைத்தாலும், முன்பே பெருகிய குளத்தில் தண்ணீர் நிற்கத்தானே செய்யும். ஐஜிஜியின் அரை ஆயுள் சுமார் 21 நாள்தான். நாலு மாதம் கழித்தும் 820 இருக்கிறது என்றால் அதை நிரப்பிக்கொண்டிருப்பவை இந்தப் பிளாஸ்மா செல்களே.

ஆனால் எல்லா ஆன்டிபாடியும் நீண்ட ஆயுள் பிளாஸ்மா செல்லிலிருந்து வருவதில்லை. டெட்டனஸ், தட்டம்மைக்கு எதிரானவை பெரும்பாலும் அங்கிருந்து வருகின்றன. ரிடுக்சிமாப்புக்குப் பிறகு அவை அதிகம் குறைவதில்லை. ஆர்எஃப், ஆன்டி சிசிபி ஆகியவற்றில் கணிசமான பங்கு, பி செல்லிலிருந்து அவ்வப்போது புதிதாகப் பிறந்து சில நாளில் சாகும் பிளாஸ்மாபிளாஸ்ட்களிலிருந்து வருகிறது. அதனால் மொத்த ஐஜிஜியைவிட அவை அதிகமாக இறங்கும், முழுசாக மறையாது. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் ரிப்போர்ட் எழுதினால் இந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியாது, டைட்டரையும் (ஆன்டிபாடியின் அளவு) எழுதுங்கள்.

எந்த நோய்க்கு இந்த மருந்து கேட்கும், எதற்குக் கேட்காது என்பதை இந்த வேறுபாடு பெருமளவு விளக்கும். பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோயில் தோல் செல்களை ஒட்டவைக்கும் டெஸ்மோகிளின் 3, டெஸ்மோகிளின் 1 ஆகியவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகிறது. அதில் பெரும்பகுதி ஐஜிஜி4 என்ற துணைவகை; அது பெரும்பாலும் குறுகிய ஆயுள் செல்களிலிருந்து வருவதாகக் கருதப்படுகிறது. 2017-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ரிடுக்சிமாப்போடு குறுகிய கால ஸ்டீராய்டு பெற்றவர்களில் 89 சதவீதம் பேர் 24-ஆம் மாதத்தில் ஸ்டீராய்டே இல்லாமல் முழுத் தணிவில் இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 34 சதவீதம். தசை பலவீன நோயான மயஸ்தீனியாவிலும், மஸ்க் என்ற தசைப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி வகை (அதுவும் ஐஜிஜி4) நன்றாகக் கேட்கிறது. அசிட்டைல்கோலின் ஏற்பி ஆன்டிபாடி வகை அவ்வளவாகக் கேட்பதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. ஆன்டிபாடி சுரப்பது பி செல் வழி நடக்கும் வேலைகளில் ஒன்று மட்டும்தான். பி செல் தன் ஏற்பியால் ஒரு குறிப்பிட்ட பொருளை, அது மிகக் குறைந்த அளவில் இருந்தாலும், பிடித்து உள்ளே இழுத்து நறுக்கி டி செல்லுக்கு (நோய் எதிர்ப்பை நடத்தும் இன்னொரு வெள்ளணு) காட்டும். ஆர்எஃப் செய்யும் பி செல்லின் இலக்கு ஐஜிஜி என்பதால், ஐஜிஜியோடு ஒட்டியிருக்கும் எந்தப் பொருளையும் அது சேர்த்து விழுங்கிவிடும். அந்தப் பொருளை அறிந்த ஏதோ ஒரு டி செல்லின் உதவி போதும், ஆர்எஃப் பி செல் உயிர்பிழைத்துப் பெருகும். இது மூட்டுச் சவ்வுக்குள்ளேயே நடக்கும். கூடவே ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்களையும் (அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்கள்) பி செல் விடுகிறது. இந்தக் காட்டலும் சைட்டோகைனும் நின்றுவிடுவதால், ஆன்டிபாடி இருக்கும்போதே வீக்கம் வற்றுகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று மூட்டு நோயில் அல்ல, மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடம்பே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் கிடைத்தது. 2008-இல் வெளியான ஆய்வில் ஒரே ஒரு சுற்று ரிடுக்சிமாப்புக்குப் பிறகு மூளை ஸ்கேனில் தெரியும் புதிய அழற்சிப் புண்கள் 91 சதவீதம் குறைந்தன. சில வாரத்திலேயே பலன் தெரிந்தது. ஆன்டிபாடி குறைய அவ்வளவு காலம் போதாது.

மறுபக்கமும் இருக்கிறது. ஐஎல்-10, ஐஎல்-35 சுரந்து அழற்சியை அடக்கும் பி செல்களும் உண்டு. பிஏஎஃப்எஃப், ஏப்ரில் ஆகிய இரண்டு பி செல் வளர்ச்சிக் காரணிகளையும் அடைக்கும் அட்டாசிசெப்ட் மருந்து ஆன்டிபாடியை நன்றாகவே குறைத்தது. ஆனால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் அதைக் கொடுத்தபோது நோய்த் தாக்குதல் கூடியது; 2009-இல் அந்த ஆய்வையே நிறுத்தினார்கள். பி செல்லைக் குறைப்பது எப்போதும் நல்லது என்று யாராவது சொன்னால் இந்த ஒரு முடிவை அவர்களுக்குக் காட்டுங்கள்.

உடம்பு தன் பல உறுப்புகளையும் தாக்கும் லூபஸ் நோயில் நிலைமை இன்னும் சிக்கல். 2010, 2012-இல் வெளியான இரண்டு பெரிய ரிடுக்சிமாப் ஆய்வுகளும் முதன்மை இலக்கை எட்டவில்லை. இரத்தத்தில் சிடி19 பூஜ்யம் என்பதால் நிணநீர்க் கணுவிலும் பூஜ்யம் என்று ஆகாது. மேலும் பிஏஎஃப்எஃப்பை உறிஞ்ச பி செல் இல்லாதபோது அதன் அளவு ஏறும். திரும்பி வரும் பி செல்களில் தன்னையே தாக்கும் வகையும் அந்தச் செழிப்பில் பிழைத்துக்கொள்ளும். பிஏஎஃப்எஃப்பை மட்டும் தடுக்கும் பெலிமுமாப் 2011-இல் லூபஸுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2022-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் குழு ஐந்து லூபஸ் நோயாளிகளுக்கு சிடி19 கார்-டி செல் (பி செல்லைத் தேடித் தாக்கும்படி மாற்றியமைத்த அவர்களின் டி செல்) கொடுத்தது. ஐவரும் தணிவு அடைந்தார்கள். சில மாதத்தில் பி செல் திரும்பியபோது பெரும்பாலும் அனுபவமற்ற புதுச் செல்களே வந்தன, நோய் திரும்பவில்லை. திசுக்களுக்குள் எவ்வளவு ஆழமாகப் போய் பி செல்லை அகற்றுகிறோம் என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

---

அம்பை மைக்ரோ பதில்:

அந்த மூன்று நெகட்டிவையும் நம்பாதீங்க. காய்ச்சல் கிருமி இல்லை என்று அவை சொல்லவில்லை. ஐஜிஎம் வர இதுவரை அந்தக் கிருமியைப் பார்க்காத புது பி செல் வேண்டும். அதைத்தான் மருந்து துடைத்துவிட்டது. இந்த நோயாளிக்கு ஆறாம் நாள் ஆனாலும் பதினாறாம் நாள் ஆனாலும் ஐஜிஎம் ஏறாமலே போகலாம். ரிப்போர்ட்டில் "நெகட்டிவ், பி செல் நீக்க மருந்து எடுத்தவர், ஆன்டிபாடிச் சோதனையால் தொற்றை விலக்க முடியாது" என்று எழுதி அனுப்புங்க.

கிருமியைத் தேடும் முன் ஒன்று பார்க்கணும்: நியூட்ரோஃபில் (கிருமியை விழுங்கும் வெள்ளணு) எண்ணிக்கை. ரிடுக்சிமாப்புக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு, பெரும்பாலும் 1 முதல் 5 மாதத்துக்குள், தாமத நியூட்ரோபீனியா (நியூட்ரோஃபில் குறைவு) வரலாம். நாலாம் மாதக் காய்ச்சல் அந்தக் கணக்கில் சரியாக விழுகிறது. எண்ணிக்கை 500-க்குக் கீழே என்றால் ரிப்போர்ட் டைப் அடிக்கும்வரை காத்திருக்காமல் மருத்துவருக்குப் போனில் சொல்லணும்.

அடுத்து, கிருமியையே தேடும் சோதனைகள். டெங்குக்கு என்எஸ்1 ஆன்டிஜென், அதாவது வைரஸின் சொந்தப் புரதம். நோயாளியின் பி செல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அது முதல் ஐந்து நாளில்தான் நன்றாகப் பிடிக்கும், ஆறாம் நாள் நெகட்டிவ் வந்தால் முடிவு சொல்ல முடியாது. டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ் வந்தால் குழம்ப வேண்டாம். 2012-இல் கடையநல்லூர் பக்கமெல்லாம் டெங்கு எப்படிப் பரவியது என்று எல்லாருக்கும் தெரியும். அப்போது வந்த தொற்றின் ஐஜிஜி பழைய பிளாஸ்மா செல்லிலிருந்து இன்னும் வந்துகொண்டிருக்கலாம். எந்தச் சோதனை எப்படி வந்தாலும் ஹெமட்டோகிரிட்டையும் (இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) பிளேட்லெட்டையும் தினமும் பாருங்க.

எலிக்காய்ச்சலுக்கு முதல் வாரம் ஈடிடிஏ இரத்தத்தில் பிசிஆர். ஒரு வாரம் தாண்டினால் சிறுநீரில் பிசிஆர். எம்ஏடி சோதனையும் ஆன்டிபாடியைத்தான் பார்க்கிறது, இங்கே உதவாது. ஸ்க்ரப் டைபஸுக்கு ஐஜிஎம் எலைசாவும் சரி, வெயில்-ஃபெலிக்ஸும் சரி, அதே கதிதான். சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு அக்குள், இடுப்புக் கயிறு படும் இடம், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, காதுக்குப் பின்னால் எங்காவது இருக்கிறதா என்று துணி விலக்கிப் பார்க்கச் சொல்லுங்க. இருந்தால் அந்தப் பொருக்கை எடுத்து பிசிஆருக்கு அனுப்புவதுதான் இருப்பதிலேயே நல்ல மாதிரி. அதில் வலி இருக்காது, அதனால் நோயாளி தானாகச் சொல்ல மாட்டார்.

டைபாய்டுக்கான ஆன்டிபாடிச் சோதனையான வைடாலை இவருக்குப் போடவே வேண்டாம். ஆன்டிபயாடிக் தொடங்குமுன் இரண்டு செட் பிளட் கல்ச்சர், பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. மூன்று மி.லி. எடுத்துவிட்டு வளரவில்லை என்று எழுதுவதில் பயனில்லை. மலேரியாவுக்கு ஸ்மியர் அல்லது ஆன்டிஜென் கார்டு, ரெண்டும் பாதிக்கப்படாது. காசநோய்க்கான இக்ரா டி செல் சோதனை, அதையும் இந்த மருந்து பெரிதாகக் கெடுக்காது. கொரோனா பிசிஆரையும் மறக்காதீங்க. பி செல் இல்லாதவர்களில் வைரஸ் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

பிசிஆர் முடிவு வர நாளாகும் என்பதால் சந்தேகம் வலுவாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை தொடங்கிவிடுவது இந்த வட்டாரத்தில் நியாயமான வழி. ஸ்க்ரப் டைபஸ், லேசான எலிக்காய்ச்சல் இரண்டையும் அது பிடிக்கும். தீவிர எலிக்காய்ச்சலுக்குப் பென்சிலினோ செஃப்ட்ரியாக்ஸோனோ வேண்டும். முடிவு சிகிச்சை செய்யும் மருத்துவருடையது.

இப்போ இதற்கு நேர் எதிரான தப்பு. இதே நோயாளி மருந்து போடுவதற்கு முன்னால் ஆர்எஃப் 200-ஓடு வந்திருந்தால்? ஆர்எஃப் என்பது பெரும்பாலும் ஐஜிஜியைப் பிடிக்கும் ஐஜிஎம். எலைசா தட்டின் குழியில் ஆன்டிஜெனோடு ஒட்டிய பழைய ஐஜிஜி மேல் அது போய் உட்காரும், உங்கள் கிட்டில் ஐஜிஎம்மைப் பிடித்து நிறம் காட்டும் கான்ஜுகேட் அதையும் பிடித்துவிடும். டெங்குவே இல்லாமல் டெங்கு பாசிட்டிவ். மாதிரியை நீர்க்கவைக்கும் திரவத்தில் ஆர்எஃப் உறிஞ்சி சேர்த்த கிட் என்றால் ஐஜிஜி முன்பே நீங்கிவிடும். கிட் உறைக்குள் இருக்கும் தாளில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்க. ஆக முடக்குவாதக்காரருக்கு மருந்துக்கு முன் பொய் பாசிட்டிவ், மருந்துக்குப் பின் பொய் நெகட்டிவ் என்று ரெண்டு பக்கமும் குழி இருக்கு.

மூன்றாவதாக இம்யூனோகுளோபுலின் ஏற்றியவர்கள். ஆயிரக்கணக்கான தானக்காரர்களின் ஐஜிஜி அதில் இருக்கும். ஹெபடைடிஸ் பி கோர் ஆன்டிபாடி, சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) ஐஜிஜி எல்லாம் கடன் பாசிட்டிவாக வரும். ஏற்றுவதற்கு முன்பே ஒரு சீரம் எடுத்து ஃப்ரீஸரில் வைத்துவிடுவது நல்ல பழக்கம்.

---

சேரன்மாதேவி லேப்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஆர்எஃப் விஷயம் இவ்வளவு தூரம் போகும்னு யோசிக்கல. சிடி19 மாதிரி பத்தியும் சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்.

---

அம்பை மைக்ரோ:

ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 2 முதல் 3 மி.லி. ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, அறை வெப்பத்தில் போகணும். சேரன்மாதேவியில் மத்தியானம் எடுத்து ராத்திரி பஸ்ஸில் போட்டால் மறுநாள் காலையில் மதுரையோ சென்னையோ சேரும். 24 மணி நேரத்துக்குள் சோதனையை ஓட்டினால் கவலை இல்லை, 48 மணி நேரத்தைத் தாண்டினால் செல்கள் உடைந்து எண்ணிக்கை பொய்யாகும். சனிக்கிழமை எடுப்பதைத் தவிருங்க.

சீட்டில் சிடி19 என்றே எழுதுங்க, சிடி20 என்று எழுதாதீங்க. ரிடுக்சிமாப் சிடி20 மேல் உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருக்கும். பி செல் இருந்தாலும் சாயம் ஒட்டாது, பூஜ்யம் என்று வரும். அன்றைக்கே எடுத்த சிபிசியின் (முழு இரத்த எண்ணிக்கை) லிம்ஃபோசைட் எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்புங்க. சதவீதம் மட்டும் வந்தால், ஸ்டீராய்டால் லிம்ஃபோசைட் 600-க்கு இறங்கியவரின் 2 சதவீதமும் 2000 உள்ளவரின் 2 சதவீதமும் ஒன்றுபோலத் தெரியும். ஒருவருக்கு மைக்ரோலிட்டருக்கு 12 செல், மற்றவருக்கு 40.

---

டேகேர் சிஸ்டர், தென்காசி பதில்:

மருந்து ஏத்துத பக்கத்துல இருந்து சில விஷயம் சொல்லுதேன். பாதிப் பிரச்சினை அங்கதான் தொடங்குது.

முன்சோதனைச் சீட்டுல ஹெபடைடிஸ் பி-க்கு சர்ஃபேஸ் ஆன்டிஜென் மட்டும் எழுதி வரும். அது போதாது. கோர் ஆன்டிபாடியும் வேணும், அதுவும் டோட்டல். பல தடவை கோர் ஐஜிஎம்னு தப்பா எழுதிருவாங்க. அது புதுத் தொற்றைத்தான் காட்டும், பழசை விட்டுரும். பழைய ஹெபடைடிஸ் பி ஆறினவங்களோட ஈரல் செல்லுக்குள்ள வைரஸோட டிஎன்ஏ தங்கியிருக்கும். அதை அடக்கி வச்சிருக்கதுல பி செல்லுக்கும் பங்கு உண்டு. பி செல்லை எடுத்துட்டா வைரஸ் திரும்ப எழும்பும், ஈரலே செயலிழக்கலாம். சர்ஃபேஸ் ஆன்டிஜெனோ டோட்டல் கோரோ பாசிட்டிவ்னா என்டெகாவிர் இல்ல டெனோஃபோவிர் தொடங்கிட்டுத்தான் ரிடுக்சிமாப்; கடைசி டோஸுக்குப் பிறகும் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை அந்த மாத்திரை தொடரணும். மூட்டு சரியாயிட்டுன்னு மாத்திரையைப் பாதியில விடுறதுதான் பெரிய ஆபத்து.

முதல் டோஸுக்கு முன்னாலேயே ஐஜிஜி அளவு எடுத்து வைங்க. அப்புறம் 500-க்கு இறங்கினா எங்கிருந்து இறங்குச்சுன்னு தெரியணும்ல. வயல்ல வெறுங்காலோட வேலை பாக்கவங்களுக்கு அதிக அளவு ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுக்கப் போறாங்கன்னா ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழுவையும் நினைக்கணும். ஐவர்மெக்டின் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்குல முன்கூட்டியே கொடுக்கலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க.

மருந்து 500 மி.கி. வயல் (மருந்துக் குப்பி) 50 மி.லி. வரும். 1000 மி.கி.க்கு ரெண்டு வயல், 100 மி.லி. 500 மி.லி. சலைன் பாட்டில்ல இருந்து முதல்ல 100 மி.லி. எடுத்துட்டு மருந்தைச் சேர்த்தா மி.லி.க்கு 2 மி.கி. குலுக்கக் கூடாது, நுரைச்சுரும். மெல்லத் தலைகீழாத் திருப்பினா போதும். நெல்லை வண்ணார்பேட்டை கடையில வாங்கி பஸ்ல கொண்டு வாரவங்க தெர்மகோல் பெட்டியில ஐஸ் பேக்கோட வயலை நேராத் தொட வைக்கக் கூடாது. 2 முதல் 8 டிகிரி வேணும், உறைஞ்சா மருந்து வீண்.

அரை மணி நேரம் முன்னால மெத்தில்பிரெட்னிசோலோன் 100 மி.கி. நரம்பு வழியா, பாராசிட்டமாலும் ஒவ்வாமை மருந்தும் கூட. முதல் தடவை மணிக்கு 50 மி.கி., அதாவது பம்புல 25 மி.லி. அரை மணிக்கு ஒரு தடவை 50 மி.கி. கூட்டி 400 வரை போகலாம். தடை இல்லாமப் போனா நாலேகால் மணி நேரத்துல முடியும். ரெண்டாம் தடவை 100-ல தொடங்கி நூறு நூறாக் கூட்டலாம், மூணேகால் மணி நேரம். காலையில போடுத பிரஷர் மாத்திரையை அன்னைக்கு எடுக்கலாமான்னு முந்தின நாளே டாக்டர்ட்ட கேட்டுக்கிடணும். ஏத்தும்போது பிரஷர் இறங்கும்.

குளிர், நடுக்கம், தொண்டைக் கரகரப்பு வந்தா முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள வரும். உடனே நிறுத்தி, மருந்து கொடுத்து, அடங்கின பிறகு பாதி வேகத்துல திரும்பத் தொடங்கணும். ஒரே நேரத்துல நிறைய பி செல் உடைஞ்சு சைட்டோகைனை விடுததுதான் பெரும்பாலும் காரணம். ரெண்டாம் தடவை உடைக்கப் பி செல் இல்ல, அதான் அமைதியாப் போகுது. ரெண்டாம் தடவை, மூணாம் தடவை பலமா வந்தா அது வேற வகை ஒவ்வாமை, லேசா எடுத்துக்கிடாதீங்க.

---

சேரன்மாதேவி லேப்:

சிஸ்டர், கோர் டோட்டல் விஷயத்தை லேபுல எழுதி ஒட்டியே வச்சுட்டேன். பாளை டாக்டர்ட்ட ஒண்ணு: இவங்களுக்குத் தடுப்பூசி போட்டாலும் பி செல் இல்லாம பலன் இருக்குமா? வீட்டுல பேரப்பிள்ளைக்குப் போலியோ சொட்டு மருந்து போட்டா பாட்டிக்கு ஆபத்தா?

---

பாளை வாதநோய்:

தடுப்பூசியில் நேரம்தான் முக்கியம். அவசரம் இல்லாத நோய் என்றால் உயிரற்ற தடுப்பூசிகளை முதல் ரிடுக்சிமாப்புக்குக் குறைந்தது 2 வாரம், முடிந்தால் 4 வாரம் முன்பே போட்டுவிடுங்கள். நிமோனியாவுக்கு கான்ஜுகேட் வகை முதலில். 13 வகைக் கிருமிக்கானது என்றால் 8 வாரம் கழித்து 23 வகைக்கானது. ஹெபடைடிஸ் பி 0, 1, 6 மாதக் கணக்கு.

ஏற்கெனவே மருந்து போட்டாயிற்று என்றால், அடுத்த சுற்று வரவேண்டிய சமயத்தில் தடுப்பூசியைப் போட்டு, ரிடுக்சிமாப்பை இரண்டு வாரம் தள்ளிப் போடுவதுதான் இப்போதைய அமெரிக்க வாதநோய் வழிகாட்டுதல். ஃப்ளூ ஊசி மட்டும் விதிவிலக்கு: பருவம் காத்திருக்காது, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கிடைக்கும்போதே போடலாம். ஆன்டிபாடி சரியாக வராவிட்டாலும் டி செல் பதில் பலருக்கு உருவாகிறது. பிறவியிலேயே பி செல் இல்லாத எக்ஸ் இணைந்த அகாமாகுளோபுலினீமியாக் குழந்தைகளிடம் இதைப் பார்க்கலாம். 1952-இல் புரூட்டன் விவரித்த நோய் அது. ஆறு மாத வயதில் தாயின் ஐஜிஜி தீர்ந்ததும் நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் தொற்று அடுத்தடுத்து வரும். பல வைரஸ்களை அவர்கள் டி செல்லை வைத்தே கடந்துவிடுகிறார்கள், எண்டெரோவைரஸ் மட்டும் அவர்களைக் கடுமையாகத் தாக்கும்.

போலியோவும் எண்டெரோவைரஸ்தான். எனவே உங்கள் கேள்வி சரியான கேள்வி. சொட்டு மருந்து வைரஸ் குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். அதற்காகக் குழந்தையின் சொட்டு மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பாட்டி இந்த மருந்தில் இருப்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, என்ன செய்யலாம் என்று குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். ஊசி வடிவப் போலியோ மருந்தும் இருக்கிறது. சொட்டு போட்ட பிறகு நான்கு வாரம் குழந்தையைக் கழுவிவிடுவது, துணி மாற்றுவதைப் பாட்டி செய்யாமல் இருக்கட்டும், வீட்டில் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பாட்டிக்கு நேராக உயிருள்ள தடுப்பூசி எதுவும் கூடாது.

ஐஜிஜி பற்றி சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எண் மட்டும் 600-க்கு இறங்கியதற்காக இம்யூனோகுளோபுலின் ஏற்றத் தேவையில்லை. 400-க்குக் கீழே போய், திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளித் தொற்றோ சைனஸ் தொற்றோ வந்தால் கிலோவுக்கு 400 முதல் 600 மி.கி. வீதம் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை யோசிக்கலாம். சுற்றுக்குச் சுற்று இறங்குமுகமாக இருந்தால் அடுத்த டோஸைத் தள்ளுவது அல்லது குறைப்பதுதான் முதல் வழி.

---

முக்கூடல் பார்மசி:

இடையில ஒரு சந்தேகம். சிக்குன்குனியா வந்து மூணு மாசமா மூட்டு வலியோட இருக்கவங்க ஆர்எஃப் லேசா பாசிட்டிவ்னு சீட்டோட வாராங்க. தொற்றே முடக்குவாதத்தைக் கிளப்பிவிட்டுட்டுன்னு எடுத்துக்கிடலாமா?

---

அம்பை மைக்ரோ:

லேசான ஆர்எஃப்பை வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது. தொற்று நேரத்தில் சம்பந்தமில்லாத பி செல்களும் சேர்ந்து விழித்துக்கொள்ளும். காசநோய், இதய உள்ளுறை அழற்சி, ஹெபடைடிஸ் சி, தொழுநோய் எல்லாவற்றிலும் ஆர்எஃப் பாசிட்டிவ் வரும்; லெப்ரோமேட்டஸ் என்ற தீவிர வகைத் தொழுநோயில், லூபஸில் காணும் ஏஎன்ஏ, கார்டியோலிப்பின் ஆன்டிபாடி வரை வரும். மூட்டு வீக்கத்தோடு உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் லூபஸ் என்று எழுதுமுன் நரம்பைத் தடவிப் பார்க்கணும். சிக்குன்குனியாக்காரருக்கு ஆன்டி சிசிபி பாருங்க; அது உயர் டைட்டரில் வந்தாலோ எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரிந்தாலோ வாதநோய் மருத்துவரிடம் அனுப்புங்க. சிசிபியும் காசநோயில் சிலருக்குப் பொய்யாக வரும் என்பதால் இருமல் இருந்தால் சளியும் பார்க்கணும்.

தொற்று உண்மையாகவே தன்னெதிர்ப்பைக் கிளப்பும் இடம் வேறு. குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸின் எம் புரதத்துக்கு எதிராகப் பழகிய பி, டி செல்கள் இதயத் திசுவையும் அடையாளம் கண்டுவிடுவதால் தொண்டைப் புண்ணுக்கு 2, 3 வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. கேம்பிலோபாக்டர் வயிற்றுப்போக்குக்குப் பிறகு வரும் குயில்லன்-பாரே என்ற நரம்பு நோயில் கிருமியின் மேலுறைச் சர்க்கரையும் நரம்பின் ஜிஎம்1 கேங்கிளியோசைடும் ஒன்றுபோல இருப்பது காரணம். டெங்குவில் நடப்பது மூன்றாவது வகை: தன்னெதிர்ப்பு இல்லை, ஆனால் முதல் தொற்றின் ஆன்டிபாடி இரண்டாம் வகை வைரஸைக் கொல்லாமல் ஒட்டிக்கொண்டு மோனோசைட்டுக்குள் கூட்டிப் போய்விடும். தாய்க்கு முன்பு டெங்கு வந்திருந்தால் 6 முதல் 9 மாதக் கைக்குழந்தைக்கு முதல் தொற்றே தீவிரமாவதும் இதனால்தான். தாயிடமிருந்து வந்த ஐஜிஜி அப்போது தடுக்கப் போதாத, ஆனால் ஒட்டப் போதுமான அளவில் இருக்கும்.

ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சாத்தின் பென்சிலின் ஊசியை, மூட்டு வலி போய்விட்டது என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். கடைக்கு வந்து கேட்டால் நிறுத்தாதீங்க என்று சொல்லுங்க. ஒவ்வொரு புதுத் தொண்டைத் தொற்றும் அந்த நினைவு பி செல்லை மறுபடி எழுப்பும், வால்வு இன்னும் கொஞ்சம் கெடும்.